விலங்கு அவசர மருத்துவமனையில் முதல் வருடம்: இளம் கால்நடை மருத்துவருக்கு ஒரு வழிகாட்டி

கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. முடித்து, கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணும் வாங்கி, நகரத்தில் ஏதோ ஒரு இருபத்து நான்கு மணி நேரச் சிறுவிலங்கு மருத்துவமனையில் சேரப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியில் படித்ததை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு, சீனியர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது, இந்த வாழ்க்கை உங்களிடம் என்ன கேட்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். விலங்குகள்மேல் பிரியம் இருக்கிறது, அது போதும் என்று நினைத்து வருகிற பலர் ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறார்கள். பிரியம் வேண்டும்தான். ஆனால் நிலைத்து நிற்பவர்களிடம் நான் பார்ப்பது ஒழுங்கு. ஒவ்வொரு கேஸிலும் அதே வரிசையில், அதே பொறுமையோடு வேலை செய்யும் பழக்கம்.

முதலில், உங்களோடு வேலை செய்யப் போகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. நாமக்கல் 1985-இல் வந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இல் அமைந்தது. திருநெல்வேலியும் ஒரத்தநாடும் 2012-இல் சேர்ந்தன, அதன் பிறகும் சில கல்லூரிகள் வந்திருக்கின்றன. மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண். அகில இந்திய ஒதுக்கீட்டில் வரும் 15 சதவீத இடங்களுக்கு நீட். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட இன்டெர்ன்ஷிப்.

இந்த வாசல் வழியாக வருபவர்கள் பல வகை. வீட்டில் மாடு கன்று போடும்போது லாந்தர் பிடித்துக்கொண்டு நின்ற கிராமத்துப் பிள்ளைகள் ஒரு வகை. இவர்களுக்குக் கை பயப்படாது. நாடி பிடிப்பதும், விலங்கைப் பிடித்து நிறுத்துவதும் இவர்களுக்கு இயல்பாக வரும். அடுக்குமாடியில் ஒரு லாப்ரடாரோடு வளர்ந்தவர்கள் இன்னொரு வகை. உரிமையாளரின் தவிப்பு இவர்களுக்குச் சொல்லாமலே புரியும். எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் வந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதைச் சொல்லவே சங்கடப்படுவார்கள். சங்கடப்பட ஒன்றுமே இல்லை. நான் பார்த்த மிகச் சிறந்த அவசர மருத்துவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் படிப்பு பசு, எருமை, ஆடு, கோழி, பால், இறைச்சி எல்லாவற்றையும் சுமந்து நிற்கும் படிப்பு. அதில் நாய் பூனையின் அவசர சிகிச்சை ஒரு சின்னத் துண்டு. அமெரிக்காவில் அவசர, தீவிர சிகிச்சை 1989-லேயே தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றுவிட்டது. இங்கே பெரும்பாலோர் மெடிசினிலோ சர்ஜரியிலோ முதுகலைப் படிப்பான எம்.வி.எஸ்சி. முடித்துவிட்டு, மீதியைச் சீனியர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறார்கள். அதனால் 'எனக்கு இது தெரியாதே' என்ற பயம் உங்களுக்கு மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள்.

சேர்வதற்கு முன்

ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். இதில் தள்ளிப்போடுதல் கூடாது. முன்பே முழுமையாகப் போட்டவருக்குக் கடி பட்டால் அன்றே ஒன்றும் மூன்று நாள் கழித்து ஒன்றுமாக இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படாது. போடாதவருக்குக் கதை வேறு. டெட்டனஸும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சம்பளம் பேசுவதற்கு முன் ஒரு இரவு முழுக்க அந்த மருத்துவமனையில் உட்கார அனுமதி கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில். உட்கார்ந்தால் இவற்றைக் கவனியுங்கள்: இரவில் போன் செய்தால் எடுக்கிற சீனியர் இருக்கிறாரா, ஆக்சிஜன் சிலிண்டரில் உண்மையிலேயே ஆக்சிஜன் இருக்கிறதா, ரத்தப் பரிசோதனைக் கருவி இரவிலும் ஓடுமா, பணம் பேசுவது யார், தொடர்ந்து எத்தனை நைட் போடுகிறார்கள். ஒரு டாக்டர், ஒரு அட்டெண்டர் என்று இரண்டே பேர் இருக்கும் இடத்தில் முதல் வருடம் சேர வேண்டாம் என்பது என் கருத்து. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும் இடமே நல்லது.

பெண் மருத்துவர்கள் போக்குவரத்தைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். டூட்டி முடிந்து அதிகாலையில் எப்படி வீடு போவது, இரவில் வாசலில் செக்யூரிட்டி உண்டா, தங்கும் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா. இதெல்லாம் சலுகை கேட்பது இல்லை, வேலைக்கான அடிப்படை.

முதல் ஐந்து நிமிடம்

கதவைத் திறந்துகொண்டு வருபவர் பேசத் தொடங்குவார். நேற்று என்ன சாப்பிட்டது, போன மாதம் எந்த டாக்டரிடம் போனார்கள், பக்கத்து வீட்டில் என்ன சொன்னார்கள். ஒரு நிமிடம், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு விலங்கை மேசைக்குக் கொண்டு போங்கள். வரலாறு பிறகு. முதலில் மூச்சு, அடுத்து ஈறின் நிறம், அடுத்து நாடி, அடுத்து நினைவு. எந்தக் கேஸிலும் இந்த வரிசை மாறக்கூடாது. கால் ஒடிந்து தொங்குகிற நாயைப் பார்த்தால் எல்லோர் கண்ணும் காலுக்குத்தான் போகும். காலால் அது சாகாது. விபத்தில் நெஞ்சுக்குள் காற்று கசிந்திருந்தால் செத்துவிடும்.

சில எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள். ஓய்வில் இருக்கும் நாய்க்கு மூச்சு நிமிடத்துக்கு 10 முதல் 30. பெரிய நாயின் இதயத் துடிப்பு 60-க்கு அருகில் தொடங்கும், சின்ன நாய்க்கு 140-க்கும் மேல் போகலாம். பூனைக்கு 140 முதல் 220. வெப்பம் சுமார் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். ஈறை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். பூனைக்கு அதிர்ச்சி நிலையில் (ஷாக், உடலுக்குள் ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலை) இதயம் வேகமாக ஓடாமல் மெதுவாகப் போகலாம். உடல் சில்லிட்டு, இதயமும் மெதுவாக ஓடும் பூனை அமைதியாகப் படுத்திருப்பதுபோல் தோன்றும். அந்த அமைதியை நம்பாதீர்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையை எக்ஸ்ரே மேசைக்குத் தூக்கிப் போகாதீர்கள். பிடித்து மல்லாத்தினால் கையிலேயே போய்விடும். ஆக்சிஜன் பெட்டியில் விட்டு, கொஞ்சம் அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்து, விலகி நின்று கவனியுங்கள். ஒன்றும் செய்யாமல் நிற்பதும் சிகிச்சையாகிற இடம் இது, அது புதியவர்களுக்கு மிகவும் கடினமாக இருக்கும்.

அதிர்ச்சி நிலையில் இருக்கும் நாய்க்கு ஊசி ஏற்ற ரத்தக்குழாய் கிடைத்ததும் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வரை திரவத்தை கால் மணி நேரத்தில் கொடுத்துவிட்டு மறுபடி பரிசோதியுங்கள். பூனைக்கு 5 முதல் 10 மில்லி. ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு வேறு கேஸுக்குப் போய் மறந்துவிடுவது இரவு டூட்டியில் நடக்கும் பெரிய ஆபத்து. சுவரில் ஒரு பலகை வையுங்கள், அடுத்துப் பார்க்க வேண்டிய நேரத்தை எழுதுங்கள்.

இதயம் நின்றுவிட்டால் யோசிக்க நேரம் இருக்காது. 'ரெக்கவர்' என்ற பன்னாட்டுக் குழு விலங்குகளுக்கான உயிர்மீட்பு வழிமுறைகளை 2012-இல் வெளியிட்டு, 2024-இல் திருத்தியது. சாரம் இதுதான்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்த வேண்டும். பக்கவாட்டில் படுத்த விலங்கின் நெஞ்சு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உள்ளே போக வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவர் மாற வேண்டும். மூச்சுப்பாதையில் குழாய் போட்ட பிறகு நாம் கொடுக்கும் மூச்சு நிமிடத்துக்குப் பத்து. ஓய்வு கிடைக்கும் பகல் நேரத்தில் அட்டெண்டரையும் சேர்த்துக்கொண்டு பொம்மையை வைத்துப் பழகுங்கள். அட்டெண்டர் அண்ணன் சரியாக அழுத்தினால்தான் நீங்கள் மருந்தைப் பார்க்க முடியும்.

பருவத்துக்கு ஒரு கேஸ்

இங்கே நோய்களும் நாட்காட்டி பார்த்துத்தான் வருகின்றன. அதைத் தெரிந்துகொண்டால் பாதித் தயாரிப்பு முடிந்தது.

ஏப்ரல், மே வந்தால் வெப்பத் தாக்கு. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் மதிய நடைக்குப் போய்விட்டு வந்து சரிந்துவிடும். பூட்டிய காரில் விடப்பட்டவையும் வரும். சாதாரணத் தண்ணீரில் நனைத்து மின்விசிறி வையுங்கள். ஐஸ்கட்டியில் புதைக்க வேண்டாம். வெப்பம் 103-க்கு வந்ததும் குளிரூட்டுவதை நிறுத்துங்கள், அதன் பிறகு தானாக இன்னும் இறங்கும். எழுந்து நிற்கிறதே என்று அன்றே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சிறுநீரகமும் ரத்த உறைவும் கெடுவது பிறகுதான் தெரியும்.

மழைக்காலத்தில் பாம்பு. நாகமோ கட்டுவிரியனோ என்றால் தசைகள் செயலிழந்து மூச்சு நிற்கும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தத்தை உறையவிடாது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். உறையவில்லை என்றால் விரியன் கடி என்று முடிவு செய்யலாம். செலவில்லாத சோதனை, நள்ளிரவிலும் செய்யலாம். நான்கு பாம்புக்கும் சேர்த்த விஷமுறிவு மருந்துதான் நம்மிடம் இருக்கிறது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது என்பதால் ஒவ்வாமை வரலாம். அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றி அருகில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கட்டுவிரியன் கடித்த நாய்க்கு மூச்சு நின்றால், மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை விடிய விடிய கையால் அழுத்திக் காப்பாற்றியவர்கள் நம் துறையில் இருக்கிறார்கள். வென்டிலேட்டர் இல்லை என்பது கைவிடக் காரணம் ஆகாது.

தீபாவளியன்று பயத்தில் ஓடி வண்டியில் அடிபட்டவை, வீட்டை விட்டே காணாமல் போனவை, மேசையில் இருந்த சாக்லேட்டைப் பெட்டியோடு தின்றவை. அன்று விடுப்பு கேட்காதீர்கள், எல்லா கைகளும் தேவைப்படும்.

ஆண்டு முழுக்க வருபவை: குட்டிகளுக்குப் பார்வோ வைரஸின் வாந்தி பேதி, உண்ணிக் காய்ச்சல், கர்ப்பப்பையில் சீழ், எலி மருந்து. எலி மருந்தில் எது என்று பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் வகை என்றால் வைட்டமின் கே1 பல வாரம் கொடுக்க வேண்டும். சிங்க் பாஸ்பைடு என்றால் வாந்தியிலிருந்து வரும் வாயு உங்களுக்கே ஆபத்து, கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

பூனைகளில் இரண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, காய்ச்சல் என்று வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வருவார்கள். ஈறு சாக்லேட் நிறத்தில், முகம் வீங்கியிருக்கும். ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். இதற்கு முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் ஊசி இருப்பில் இருக்க வேண்டும். கொடுத்தவர்மேல் கோபப்படாதீர்கள், அவர் அன்பில்தான் கொடுத்தார். இரண்டாவது, மணல் தட்டுக்குப் போய்ப் போய் முக்கும் ஆண் பூனை. மலச்சிக்கல் என்றுதான் கொண்டு வருவார்கள். வயிற்றில் கை வைத்ததும் எலுமிச்சை அளவுக்கு இறுகிய மூத்திரப்பை தட்டுப்படும். இதயம் மெதுவாக ஓடினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது என்று பொருள். முதலில் கால்சியம் குளுக்கோனேட், இதயத்தைக் காப்பாற்றிய பிறகு அடைப்பை நீக்கக் கேத்தட்டர் குழாய். அடைப்பு நீங்கிய பின் மூத்திரம் வெள்ளமாகப் போகும், அதற்கு ஈடாகத் திரவமும் ஏற்ற வேண்டும்.

'தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு சார்'

இதற்கு ஒரு தனிப் பகுதி தேவை. தாடை தொங்கி, எச்சில் வழிந்து, தண்ணீர் குடிக்க முடியாமல் ஒரு நாய் வரும். எலும்பு மாட்டியிருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்பார்கள். வெறுங்கையை வாய்க்குள் விடாதீர்கள். அது ரேபிஸாக இருக்கலாம். ஊமை வகை ரேபிஸில் நாய் பெரும்பாலும் கடிக்க வராது, சாதுவாகவே தெரியும், அதுதான் ஆபத்து. தடுப்பூசிச் சீட்டு கேளுங்கள், சமீபத்தில் வேறு நாய் கடித்ததா என்று கேளுங்கள், வீட்டில் யார் யார் அதற்கு வாயில் ஊட்டினார்கள் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் தனிமைப்படுத்திவிட்டு, எச்சில் பட்ட எல்லோரையும் உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். காயம் பட்டிருந்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லுங்கள். உங்கள் ஒரு கேள்வி ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

வீட்டாரிடம் பேசுவது

'அது எத்தனை நாளா சாப்பிடலை?' என்று கேட்டால் சிலர் முகம் சுருங்கிவிடும். பெயரைக் கேட்டு, பெயரைச் சொல்லியே பேசுங்கள். பையன், பாப்பா என்று அவர்கள் சொன்னால் நீங்களும் அப்படியே சொல்லலாம். பெரியவர்களை அம்மா, ஐயா என்றே அழையுங்கள். கூட்டமாக வந்திருந்தால் முடிவெடுப்பவர் யார் என்று பாருங்கள். அழுபவரும் முடிவெடுப்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

பணத்தைப் பற்றி முதல் அரை மணி நேரத்துக்குள் பேசிவிடுங்கள். உயிர் காக்கும் முதல் உதவியைச் செய்துவிட்டு, இன்று இரவுக்கு மட்டும் குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு ஆகலாம் என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். வாயால் மட்டும் சொன்னால் குறைந்த தொகைதான் காதில் விழும். முடியாது என்பவரிடம் வேறு வழிகளைச் சொல்லுங்கள்: கல்லூரி மருத்துவமனை, அரசு மருத்துவமனை, மாடு ஆடுகளுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கும் ஆம்புலன்ஸ், சென்னையில் தெருநாய்களுக்கு 1959 முதல் இயங்கும் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. வேப்பேரி கல்லூரியில் விலங்குகளுக்கு ரத்த வங்கியும் உண்டு, அந்த எண்ணை உங்கள் போனில் வைத்திருங்கள். பணம் இல்லாதவரை அன்பில்லாதவர் என்று ஒருபோதும் நினைத்துவிடாதீர்கள். சவாரியை விட்டுவிட்டு, அடிபட்ட தெருநாயை மடியில் போட்டுக்கொண்டு வருகிற ஆட்டோ அண்ணன்களை நீங்கள் இந்த வேலையில் நிறைய சந்திப்பீர்கள்.

கருணைக்கொலை பற்றிய பேச்சு வரும். நீங்களாக அவசரப்படுத்த வேண்டாம், அவர்கள் கேட்கட்டும் என்று ஒளித்தும் வைக்க வேண்டாம். என்ன நோய், என்ன வாய்ப்பு, எவ்வளவு வலி என்று நேராகச் சொல்லுங்கள். முடிவானால் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள், கூட இருக்க விரும்புகிறார்களா என்று கேளுங்கள். முதலில் மயக்கம், பிறகுதான் கடைசி ஊசி. கடைசி மூச்சுக்குப் பின்னும் உடல் ஓரிரு முறை இழுக்கலாம், கண் மூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அந்தக் காட்சி அவர்களை வருடக்கணக்கில் வாட்டும். இறந்துவிட்டால் 'இறந்துவிட்டது' என்றே சொல்லுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் அவர்கள் நம்பிக்கையோடு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது இருவருக்கும் கொடுமை.

உங்கள் உடலும் மனதும்

நைட் முடிந்து வீட்டுக்கு வந்தால் அறையை முழுதாக இருட்டாக்கித் தூங்குங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குப் பகலில் தூங்குபவன் சோம்பேறியாகத்தான் தெரிவான், முதலிலேயே உட்காரவைத்து விளக்கிவிடுங்கள். கல்யாணம், வளைகாப்பு எல்லாவற்றுக்கும் போக முடியாது. போகிற ஒன்றிரண்டுக்கு முழு மனதோடு போங்கள். கண் செருகினால் இரண்டு சக்கர வண்டியைத் தொடாதீர்கள், மருத்துவமனையிலேயே ஒரு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

டூட்டி மாறும்போது ஒவ்வொரு கேஸையும் கூண்டின் முன் நின்று ஒப்படையுங்கள். என்ன வந்தது, என்ன செய்தேன், எதற்குப் பயப்படுகிறேன், அடுத்து என்ன. கெட்டமின் என்ற மயக்க மருந்தை எப்போதும் பூட்டி வைத்து, எடுத்த ஒவ்வொரு மில்லியையும் பதிவேட்டில் எழுதுங்கள். சட்டம் கேட்கிறது என்பதோடு, களைத்துப்போன ஒரு சக மருத்துவரின் கைக்கு அது எளிதில் எட்டக்கூடாது என்பதும் காரணம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஆய்வில், பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆண் கால்நடை மருத்துவர்களின் தற்கொலை விகிதம் இரண்டு மடங்கும், பெண் மருத்துவர்களுடையது மூன்றரை மடங்கும் இருந்தது தெரியவந்தது. நம் ஊரில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒரே இரவில் மூன்று மரணத்தைப் பார்த்துவிட்டு, நான்காவது அறையில் குட்டிக்குத் தடுப்பூசி போட வந்தவரிடம் சிரித்துப் பேச வேண்டியிருக்கும். அது மனிதரைத் தேய்க்கும். பேச ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், அவரும் நைட் பார்ப்பவராக இருந்தால் நல்லது. தூக்கம் போய், சாப்பாடு ருசிக்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ஒரு வருடம் முடிந்ததும்

அப்போது நின்று யோசியுங்கள். இதே துறைதான் என்று தோன்றினால் மெடிசினிலோ சர்ஜரியிலோ எம்.வி.எஸ்சி. எழுதுங்கள். அரசுப் பணி என்றால் டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் தேர்வு. வெளிநாடு என்றால் அமெரிக்காவுக்கு, வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர்களுக்கான இ.சி.எஃப்.வி.ஜி. சான்றிதழும் நாவ்லி என்ற உரிமத் தேர்வும் தேவை, அதற்குப் பணமும் பல வருடமும் ஆகும். பகல் வேலைக்கு மாறிவிடலாம் என்று தோன்றினாலும் மாறுங்கள், இரவில் கற்றது எங்கும் வீணாகாது. எந்தப் பக்கம் போனாலும், நீங்கள் பார்த்த கேஸ்களின் குறிப்புகளையும் எக்ஸ்ரே படங்களையும் உரிமையாளர் பெயரை நீக்கிவிட்டு, மருத்துவமனையின் அனுமதியோடு முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். நேர்முகத் தேர்வில் கேட்பதும் அதைத்தான், அடுத்த வருடம் உங்களிடம் சேரும் ஜூனியருக்குப் பாடம் எடுக்கத் தேவைப்படுவதும் அதுதான்.